கண் கேமராவில், கால் காட்டில்

2015 பிப்ரவரியில் இலங்கையின் ஹோர்டன் சமவெளியில், உலக முடிவு என்று பெயர்பெற்ற செங்குத்துப் பாறை விளிம்பில், தேனிலவுக்கு வந்திருந்த நெதர்லாந்து இளைஞர் ஒருவர் மனைவியைப் படம் எடுத்தார். பின்னால் ஓரடி வைத்தவர் விளிம்பைத் தாண்டிவிட்டார். சுமார் 40 மீட்டர் கீழே ஒரு மரம் அவரைத் தாங்கிக்கொண்டது. இராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் புல்லாவெளி அருவியின் உச்சிப் பாறையில், நண்பர் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டிருக்க, ஓர் இளைஞர் வழுக்கி விழுந்தார். அவரைத் தாங்க மரம் எதுவும் இல்லை.

படம் எடுப்பவருக்கும் சரி, படத்துக்கு நிற்பவருக்கும் சரி, கண்ணும் கவனமும் ஓரிடத்தில் இருக்கின்றன, கால் வேறிடத்தில் இருக்கிறது. நீள வில்லையில் கண் பதித்தவருக்கு வயலின் மறுகோடியில் நிற்கும் நாரையின் இமை தெரியும். தன் பாதத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இந்தக் குருட்டுத்தனம் இரு நாட்டுக்கும் பொது. ஆனால் அந்தக் கால் எதன்மேல் படப்போகிறது, அதை முன்கூட்டியே சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள் என்பதில் இலங்கையின் வடக்கும் தமிழகத்தின் மலையடிவாரங்களும் வெகுவாக வேறுபடுகின்றன. இரண்டிலும் கேமராவோடு திரிந்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: ஊருக்குத் தெரியாமல் போய் எடுக்கிற படம்தான் ஆபத்தான படம்.

வடஇலங்கையின் வன்னியில் காலுக்கான முதல் பாடம் மிதிவெடி. உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. மண்ணுக்குள் புதைத்தது முடியவில்லை. வன்னிக்கு வடக்கே முகமாலை, கிளாலி, நாகர்கோவில் என்று நீண்ட பழைய முன்னரங்கம் உலகிலேயே மிக அடர்த்தியாக வெடிகள் புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும், டாஷ், ஷார்ப் ஆகிய உள்ளூர் அமைப்புகளும், இராணுவத்தின் பிரிவும் அங்குலம் அங்குலமாக அவற்றை அகற்றி வருகின்றன. வெயிலில் முகக்கவசத்தோடு மண்டியிட்டு மண்ணைச் சுரண்டும் அந்தத் தொழிலாளர்களில் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் பலர். 2017 டிசம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. இந்தியா அதில் இன்றுவரை சேரவில்லை.

படம் எடுப்பவரை இழுக்கும் காட்சிகள் எல்லாம் அந்த நிலத்தில்தான் இருக்கின்றன: எறிகணை பட்டுத் தலையிழந்து நிற்கும் பனைகள், கூரை போன வீடுகளுக்குள் முளைத்த வேம்பு, உவர்நீரில் இறங்கும் பூநாரைகள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையும் சிவப்புத் தலை வைத்த குச்சிகளும் இருக்கும் இடத்தில் விவாதத்துக்கே இடமில்லை. பலகை இல்லாத இடத்தில்தான் கட்டுப்பாடு வேண்டும். தார்ச் சாலை, ஆள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை, புதிதாக உழுத வயல் ஆகியவற்றை விட்டு விலகாமல் எடுக்க முடிந்தால் எடுக்கலாம். மாடு போன தடம் போதும் என்று நம்புவது தவறு. மாடுகளும் வெடியில் சிக்கியிருக்கின்றன. பெருமழையும் வெள்ளமும் வெடிகளை இடம்பெயர்த்துவிடும் என்பதால் சென்ற ஆண்டு நடந்த வழி இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. துருப்பிடித்த உலோகம் எதுவும் கண்ணில் பட்டால் நெருங்கிப் படம் எடுக்கக் கூடாது. வந்த காலடியிலேயே திரும்பி நடந்து, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ சொல்ல வேண்டும். வன்னிக் கிராமத்துச் சிறுவர்கள் பள்ளியிலேயே கற்றுக்கொண்ட ஒழுங்கு இது. “உதால போகாதையுங்கோ தம்பி, அது இன்னும் துப்பரவாக்கேல்லை” என்று ஓர் அம்மா படலையில் நின்று சொன்னால், அதைவிடத் துல்லியமான வரைபடம் எந்தக் கைப்பேசியிலும் கிடையாது.

தமிழகத்தில் மிதிவெடி இல்லை. மண்ணில் மறைந்திருக்கும் பொருள் இல்லை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கோவை, தர்மபுரி, ஈரோட்டு மலையடிவாரங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற வெடி இருக்கிறது. வன்னியில் அதற்குப் பெயர் பன்றிவெடி. அங்கே விலங்குக்குக் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் உண்டு. நூலில் கால் இடறினால் சுட்டுவிடும். இங்கே மின்வேலி. முறையான சூரியசக்தி வேலி விட்டுவிட்டு அடிக்கும், உயிரை எடுக்காது. இரவில் கம்பத்திலிருந்து திருட்டாக இழுத்த கம்பி அப்படியல்ல. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படியொரு கம்பியில் மாண்டன. அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் விதிகள் கொண்டுவந்தது. மிதிவெடிக்காவது பலகை நடுகிறார்கள். சட்டவிரோதமாக வைத்ததற்கு யார் பலகை நடுவார்கள்? வைத்தவருக்கும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி அது. விடியற்காலைப் பனியில் சோளக்காட்டு வரப்பில் இறங்குவதற்கு முன்னால் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல.

யானையிடம் வந்தால் ஒப்பீடு இன்னும் நுணுக்கமாகிறது. 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். சிறிய தீவுக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. அவற்றில் பெரும்பாலானவை சரணாலய எல்லைக்கு வெளியே, குளத்துக்கும் வயலுக்கும் நடுவே, மனிதரோடு மனிதராக வாழ்கின்றன. தமிழகத்திலிருந்து போகிறவர்கள் அங்கே ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். நம் காடுகளில் ஆண் என்றால் கொம்பன். தந்தமில்லாத மக்னா அரிது. இலங்கையில் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம். தந்தம் இல்லையே, பெண்தான், சாது என்று நினைத்து வண்டியை விட்டு இறங்குகிறவர் பெரும்பாலும் தனித்த ஓர் ஆணின் முன்னால்தான் இறங்குகிறார். தந்தத்தைத் தேடாமல் அகன்ற நெற்றி மேட்டையும், கண்ணுக்கும் காதுக்கும் இடையே கசிந்து வழியும் மதநீரையும் தேட வேண்டும். மதநீர் கண்டால் கேமராவை மூடிவிட்டு விலகுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

இலங்கையின் புத்தல–கதிர்காமம் சாலையில் யானைகள் வாகனங்களை மறித்துத் தின்பண்டம் கேட்கின்றன. கொடுத்துக் கொடுத்துப் பழக்கியது நாம்தான். கண்ணாடியை இறக்கி, வாழைப்பழத்தை நீட்டி, நெருக்கத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறவர், அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிருக்கு உலை வைத்துவிட்டுப் போகிறார் என்றே நான் கருதுகிறேன். மின்னேரியாவில் கோடை வறட்சியில் குளம் வற்ற, ஜூலை முதல் அக்டோபர் வரை யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். அங்கே ஜீப்பிலிருந்து இறங்க அனுமதி இல்லை, நல்ல விதி. ஆனால் பத்து ஜீப்புகள் ஒரு குட்டியைச் சூழும்போது விதியால் பயன் குறைவு. “கிட்டப் போங்க” என்று ஓட்டுநரை நச்சரிப்பது நாம்தான். “தள்ளியே நிறுத்துங்க, போதும்” என்று சொல்லவும் நம்மால்தான் முடியும்.

இந்தியப் பக்கத்தில் முதுமலை, பந்திப்பூர்ச் சாலைகளில் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் தண்டனைக்குரியவை. 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில் யானையோடு செல்ஃபி எடுக்கப் போய் மிதிபட்டு உயிர்தப்பிய ஒருவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. தண்டனையைவிட என்னைக் கவர்ந்தது வால்பாறையின் முறை. தேயிலைத் தோட்டங்களும் சோலைத் துண்டுகளும் பின்னிக் கிடக்கும் அந்தப் பீடபூமியில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் வனத்துறையோடும் தோட்டத் தொழிலாளர்களோடும் சேர்ந்து, இன்று யானை எந்தப் பிரிவில் நிற்கிறது என்ற செய்தியைக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் அனுப்புகிறார்கள். முக்கிய இடங்களில் கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகள் உண்டு. எரிந்தால் அருகே யானை என்று பொருள். விளக்கை எரியவிடுவது அந்தத் தோட்டத்து ஆட்களேதான். இவ்வளவு இருந்தும் 2025 பிப்ரவரியில் அந்த மலைச் சாலையில், யானை நிற்பது தெரிந்து மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்க, கடந்துபோக முயன்ற வெளிநாட்டுப் பயணி ஒருவர் கொல்லப்பட்டார். செய்தி இருந்தது, வந்தவருக்கு அது உறைக்கவில்லை. வன்னியின் செட்டிகுளம், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமங்களுக்கும் வால்பாறையின் சிவப்பு விளக்கு போய்ச் சேர வேண்டும். வெளியாட்களுக்கும் அது என்னவென்று சொல்லும் பலகை இரண்டு இடத்திலும் வேண்டும்.

பாம்பு விஷயத்தில் இரு நாடும் ஒரே மருந்துக் குப்பியால் இணைந்திருக்கின்றன. இலங்கை மருத்துவமனைகளில் ஏற்றும் பாம்புக்கடி மருந்து இந்தியாவில் தயாராவது. அதற்கான நஞ்சின் பெரும்பங்கை எடுத்துத் தருபவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தினர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து வரும் மருந்து அது. தமிழ்நாட்டுக் கண்ணாடி விரியனின் நஞ்சும் இலங்கையில் உள்ளதன் நஞ்சும் முற்றிலும் ஒன்றல்ல என்பதால், அங்கே மருந்து வேலை செய்யும் விதத்திலும் ஒவ்வாமையிலும் மருத்துவர்களுக்குச் சிக்கல் இருக்கிறது. இலங்கையில் அதிகமாகக் கடிக்கும் நச்சுப்பாம்போ இந்த நான்கிலும் சேராத கூன்மூக்கு விரியன். உள்ளங்கை அளவுச் சருகுக் குவியலில் சுருண்டு கிடக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. அதன் நஞ்சுக்கு இந்த மருந்து பயன்படாது. சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும்.

இது படம் எடுப்பவரின் காதில் ஏற வேண்டிய செய்தி. பூச்சிக்கும் காளானுக்கும் மண்ணோடு மண்ணாகப் படுத்து, முழங்கையைச் சருகில் ஊன்றுகிறவர்கள் நாம்தான். படுக்கும் இடத்தைக் குச்சியால் விலக்கிப் பார்த்து, தடித்த விரிப்புப் போட்டு, கணுக்கால் மூடிய காலணியோடு எடுப்பது எந்த மருந்தையும்விட மேல். கடிபட்டால் கட்டு இறுக்குவதோ கீறுவதோ வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் துரத்திப் படம் எடுக்கும் ஆசையும் ஆகாது. இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, சுமார் 400 பேர் இறக்கிறார்கள் என்கிறது நாடளாவிய ஆய்வு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை இறந்தவர்கள் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். மக்கள்தொகை வேறுபாட்டைக் கழித்தாலும் இந்தியாவின் நிலை மோசம். இலங்கைக் கிராமத்தான் கடிபட்டால் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டிருப்பதும், அது அவனுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும் இந்த வேறுபாட்டில் பெரும் பங்கு வகிக்கின்றன.

தண்ணீரையும் இடியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 அக்டோபரில் தமிழகத்தின் ஊத்தங்கரை அருகே பாம்பாறு அணையில் கைகோத்து நின்று செல்ஃபி எடுத்த ஒரே குடும்பத்தார் நால்வர் மூழ்கினர். புதுமணப்பெண்ணும் அதில் ஒருவர். இலங்கைக் குளங்களிலும் களப்புகளிலும் ஆழத்தோடு முதலையும் சேர்ந்துகொள்கிறது. அல்லிப் பூவுக்காக அலைகரையில் குந்துவதற்கு முன், குளிக்க வருகிறவர்கள் எந்தத் துறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும். இலங்கையிலும் தமிழகத்திலும் இடி பெரும்பாலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் பிற்பகல்களில் வரும். மழைக்காலமும் விதிவிலக்கு அல்ல. 2021 ஜூலையில் ஜெய்ப்பூர் ஆம்பேர் கோட்டைக் காவல் கோபுரத்தில் மழையைப் படம் எடுத்து நின்றவர்கள் 11 பேர் மின்னலுக்கு இரையானார்கள். வெட்ட வெளியில் உலோக முக்காலியை விரித்து மின்னலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். 2018இல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தி இந்தியா முழுக்கப் பரவியபோது, தமிழகத்தின் போளூர் அருகே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அடுத்த மாதம் அசாமின் கர்பி ஆங்லாங்கில் அருவி பார்க்கப் போன இரண்டு இளைஞர்களுக்கும் அதே கதி. கேட்காமல் குழந்தைகள் பக்கம் கேமராவைத் திருப்புகிற வெளியூர்க்காரரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை இனி மறக்க முடியாது. வடஇலங்கையில் சந்தேகத்தின் முகம் வேறு. அங்கே வேலியோரம் நின்று படம் எடுப்பவர் புலனாய்வுக்காரராக இருக்கலாம். காணியை அளக்க வந்தவராக இருக்கலாம். போரில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் எத்தனையோ கேமராக்களின் முன் அழுது ஓய்ந்தவர்கள். அந்த முற்றத்தில் முதலில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார வேண்டும். முகாமையும் காவலரணையும் இரு நாட்டிலும் எடுக்கக் கூடாது. இந்தியாவின் 1923 அரசு இரகசியச் சட்டமும் இலங்கையின் 1955 சட்டமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிற்பதும் குற்றமாகலாம். 2012இல் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

தமிழகத்தில் தேநீர்க் கடையில் ஒரு தேநீர் குடித்து, எந்த ஊர், என்ன எடுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வன்னியில் அது போதாது. அந்த ஊரவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. காடர், முதுவர், இருளர் பழங்குடி இளைஞர்கள் எத்தனையோ பேர் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகப் பணியாற்றித் தங்கள் காட்டின் ஒவ்வொரு வளைவையும் அறிந்தவர்கள். வனத்துறை அனுமதியோடு அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு, லட்சக்கணக்கில் விலையுள்ள வில்லையைச் சுமக்கிற நாம் ஒரு நாள் கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கக் கூடாது. கிளம்பும்போது தங்குமிடத்தில் போகும் திசையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லி வைக்க வேண்டும். அவசரத்துக்குத் தமிழகத்தில் 108. இலங்கையில் 1990 என்ற எண்; இந்திய அரசின் நன்கொடையில் 2016இல் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் வடக்குக்கும் வந்த இலவச ஆம்புலன்ஸ். அழைத்தவுடன் அவர்கள் கேட்பது இடத்தை. காட்டோரத்தில் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர், கூட வந்த அந்த ஊர்க்காரர்தான்.