இடைவெளிக்கு ஒரு கருவி, பிழைக்கு இன்னொன்று

கோட் ரிவ்யூவில் பாதி நேரம் இடைவெளி, அரைப்புள்ளி சண்டையிலேயே போய்விடுகிறது. கோ மொழியின் கோஃபம்ட் இந்தச் சண்டையை முளையிலேயே கிள்ளிவிட்டது. உள்தள்ளலுக்கு டேப்தான்; மாற்ற ஆப்ஷனே கிடையாது. பிடிக்கிறதோ இல்லையோ, எல்லார் கோடும் ஒரே மாதிரி இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் 2017-ல் வந்த பிரிட்டியரும் ஆப்ஷன்களைக் குறைவாகவே வைத்துக்கொண்டது. இதுவரை சரி.

என் குறை, பல டீம்கள் இந்த வேலையையும் லின்டரின் தலையில் கட்டுவதுதான். 'இங்கே இடைவெளி விடு' என்று திரை முழுக்க எச்சரிக்கை ஓடினால், நடுவில் வரும் 'இந்த மாறி எங்குமே பயன்படவில்லை' என்பதை யார் படிப்பார்கள்? கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் தள்ளிவிடுவோம், நிஜப் பிழையையும் சேர்த்து. ஈஎஸ்லின்ட்டே 2023-ல் தன் ஃபார்மட்டிங் விதிகளைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. நாம்தான் பழைய கான்ஃபிக் ஃபைலை இன்னும் காப்பி அடிச்சுக்கிட்டு இருக்கோம்.

இன்னொன்று. பழைய கோட் மொத்தத்தையும் ஒரே நாளில் ஃபார்மட் செய்தால், கிட் பிளேமில் மாறிய வரியெல்லாம் உங்கள் பேரில் வந்து நிற்கும். யார், ஏன் எழுதினார்கள் என்ற தடம் மறைந்துபோகும். அதைத் தனி கமிட்டாகப் போடுங்கள், கிட் 2.23 முதல், அப்படிப்பட்ட கமிட்டுகளை ஒரு ஃபைலில் குறித்துவைத்து பிளேமிலிருந்து ஒதுக்கலாம்.

அழகைக் கருவியிடம் விட்டுடலாம். லின்ட் விதி அப்படியல்ல. ஒவ்வொன்றுக்கும் டீமில் ஒருத்தராவது காரணம் சொல்லணும். சொல்ல ஆளில்லாத விதியைத் தூக்கிடுங்க.