மௌனமும் மொழியுரிமையும்
தனிநாயகம் அடிகளாரின் எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

தனிநாயகம் அடிகளாரைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அவரைத் 'தமிழ்த் தூதர்' என்னும் ஒரே படிமத்துள் அடக்கிவிடுகின்றன. 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்குக் காரணராயிருந்தமை, 1966இல் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாட்டைக் கூட்டியமை, 1679ஆம் ஆண்டில் அச்சேறிய புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை மீளப் பதிப்பித்தமை ஆகியன திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுகின்றன. 2013இல் அவரது நூற்றாண்டு கொண்டாடப்பட்டபொழுதும் இப்பட்டியலே பலவாறு விரித்துரைக்கப்பட்டது. இவை யாவும் உண்மையே. ஆயினும் பாராட்டுரைகள் விரைந்து கடந்துசெல்லும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. 1955இலும் 1956இலும் அடிகளார் எழுதியனவும் பேசியனவும் அவருடைய ஏனைய எழுத்துக்களோடு எவ்வாறு பொருந்துகின்றன என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. பண்டைய இலக்கியத்தின் அழகைப் பேசிவந்த ஒருவர், தம் நாட்டில் ஓர் இனத்தின் மொழி சட்டத்தினால் ஒதுக்கப்படவிருந்த வேளையில் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். அதற்கு முன்னிருந்த மௌனத்தையும் பின்வந்த அமைதியையும் சேர்த்து நோக்கும்பொழுதே அக்குரலின் பெறுமதி விளங்கும்.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் பிறந்தவர் அடிகளார். கத்தோலிக்கரும் சைவரும் அயலவராக வாழும் ஊர் அது. உரோமாபுரியிற் குருத்துவக் கல்வி பெற்றுக் குருவானவர், தமது கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் திருச்சபை. தமிழை முறையாகக் கற்றது பின்னர்தான். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்த காலத்திலே தமிழ்க்கல்வி தொடங்கியது. 1945 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே அது முதிர்ந்தது. பிற்பட்டுக் கற்றவருக்குரிய வேட்கை அவரது எழுத்துக்களில் இறுதிவரை காணப்படுகின்றது. தம்முடையதே ஆயினும் நெடுங்காலம் தமக்குத் தெரியாதிருந்த ஒரு செல்வத்தைக் கண்டெடுத்தவரின் மகிழ்ச்சி அது.

அண்ணாமலையில் அவர் மேற்கொண்ட ஆய்வு பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றியது. 1952இல் 'தமிழ்த் தூது' தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டிலே 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழும் தோன்றியது. அவ்விதழின் தொடக்கக் காலக் கட்டுரைகள் பெரிதும் இலக்கியம், கலை, வரலாறு, தமிழ் பிற நாடுகளோடு கொண்ட தொடர்பு என்பன பற்றியவை. அதே 1952இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளரானார். நாட்டின் நிலைமை அப்பொழுது என்ன? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரைக் குடியுரிமையற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கியிருந்தன. அதன் காரணமாகவே தமிழ்க் காங்கிரஸ் பிளவுற்று 1949இல் தமிழரசுக் கட்சி உருவாயிற்று. யாழ்ப்பாணத்துக் கற்றோர் குழாத்தின் பெரும்பகுதி இக்கொடுமையைத் தன் கொடுமையாகக் கருதவில்லை என்பதே வரலாறு காட்டும் செய்தி. உத்தியோகமும் ஆங்கிலக் கல்வியும் நிலைத்திருந்தவரை தோட்டத் தொழிலாளியின் வாக்குரிமை அவர்களுக்குத் தொலைவில் நிகழ்ந்த ஒன்றாகவே தோன்றியது. பண்டைத் தமிழரின் பெருமையை ஆராய்ந்த எழுத்துக்கள் அவ்வாண்டுகளிற் பெருகியமையும், சமகாலத் தமிழர் பத்து இலட்சத்தை அண்மிய தொகையினர் நாடற்றோராகியமையும் ஒரே காலத்து நிகழ்வுகள் என்பதை விமரிசகர் மறத்தலாகாது. இம்மௌனத்தை அடிகளார் ஒருவர்மீது சுமத்துதல் நியாயமன்று. அது அவர் சார்ந்திருந்த அறிவுலகத்தின் பொது மௌனம்.

இம்மௌனம் கலைந்த முறையை அவரது கட்டுரைத் தலைப்புக்களே காட்டிவிடுகின்றன. முதலில் எழுதியது 'பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை'. 1955இல் எழுதியது தமிழ்ப் பண்பாட்டின் சென்றகால, நிகழ்கால, வருங்கால நிலைகளை இலங்கைக்குச் சிறப்பிடம் அளித்து நோக்கும் கட்டுரை. 1956இல் எழுதியது 'இலங்கையில் மொழியுரிமைகள்'. இயற்கை, பண்பாடு, உரிமை என்ற மூன்று சொற்களுக்கிடையே நிகழ்ந்த நகர்வு கூர்ந்து நோக்கத்தக்கது. இயற்கையைப் பாடிய புலவன் எவரிடமும் எதனையும் கோருவதில்லை. பண்பாடு என்னும்பொழுது ஒரு சமூகம் தன்னைத்தானே நோக்குகின்றது. உரிமை என்னும் சொல்லோ எதிரே நிற்பவர் ஒருவரை வேண்டுவது. கொடுக்க மறுப்பவர் ஒருவர் உளர் என்பதை அச்சொல் தன்னுள்ளே கொண்டிருக்கின்றது. 1955ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் 'இலங்கை' என்ற பெயர் ஒரு சேர்க்கையாகவே நின்றது. அடுத்த ஆண்டில் அது கட்டுரையின் பொருளாயிற்று. சங்கப் புலவர்களிடமிருந்து சட்டமூலத்தை நோக்கி வர அவருக்கு நான்கு ஆண்டுகள் போதுமாயிருந்தன.

அக்காலச் சூழலை விரிக்கத் தேவையில்லை. 1956 ஏப்ரில் தேர்தலில் பண்டாரநாயக்காவின் கூட்டணி வென்றது. ஜூன் 5ஆம் நாள் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அன்றே காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் செய்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். கல்லோயாவிலே உயிர்கள் பலியாயின. இத்தகைய நாட்களில் அரச நிதியில் இயங்கிய ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர், அதிலும் சிங்களரும் தமிழரும் ஒருங்கே வழிபடும் ஒரு திருச்சபையின் குரு, இரு மொழிகளுக்கும் சம உரிமை வேண்டுமென வெளிப்படையாக வாதிடுதல் எளிய செயலன்று. அரசியல்வாதிக்கு எதிர்ப்பு வாக்காக மாறும். குருவுக்கும் விரிவுரையாளருக்கும் அத்தகைய ஊதியம் எதுவுமில்லை.

ஆயினும் அக்குரலுக்கு எல்லைகள் இருந்தன என்பதையும் கூறவேண்டும். முதலாவது எல்லை மொழி. தமிழின் உரிமைக்கான வாதம் ஆங்கிலத்திலேயே முன்வைக்கப்பட்டது. கொழும்பின் ஆங்கிலம் கற்ற மேற்குழாத்தையும் வெளிநாட்டு அறிஞரையும் அது எட்டியிருக்கும். 1956இன் அலையை உண்டாக்கியவர்களோ சிங்களப் பாடசாலை ஆசிரியர், சுதேச வைத்தியர், பிக்குமார் முதலானோர். ஆங்கிலத்தினால் ஒதுக்கப்பட்டிருந்த அம்மக்களின் மனக்குறைக்கு ஒரு நியாயமும் உண்டு. அவர்களை நோக்கிச் சிங்களத்திற் பேசிய தமிழறிஞர் எத்தனை பேர்? இரண்டாவது எல்லை இதனினும் நுண்ணியது. பிறரை நோக்கி ஆங்கிலத்தில் எழுதும்பொழுது அடிகளார் உரிமையைப் பேசினார். தமிழரை நோக்கித் தமிழில் எழுதும்பொழுது பெருமிதத்தைப் பேசினார். தமிழ் வாசகன் பெற்றுக்கொண்டது பெரும்பாலும் பின்னதையே. தன் வீட்டின் குறையைக் காட்டும் கண்ணாடி அவனுக்கு 'தமிழ்த் தூது' போன்ற நூல்களிற் கிடைக்கவில்லை. தூதன் தன் நாட்டின் குறைகளைப் பிற நாட்டில் உரைப்பதில்லை. தன் நாட்டவரிடமும் உரையாது விடின் அப்பணியை யார் செய்வது?

அப்பணியைச் செய்தவர் அயல் தீவிலேயே தோன்றினார். புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் பேராதனையிற் கற்றவர்; எழுத்தாளர், விமரிசகர். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காக 1971இல் தம் ஊரிலேயே சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுப் பொலிசாரின் கைதுக்கும் தாக்குதலுக்கும் ஆளானார், 1973இற் காலமானார். உவர்நீர்த் தீவுகளில் நன்னீர்க் கிணறு யாருடையது என்ற வினாவின் கூர்மையை அங்கு வாழ்ந்தோரே முழுமையாக அறிவர். கொழும்பிலே மொழிச் சமத்துவம் கேட்ட சமூகம் தன் கிணற்றடியில் அச்சமத்துவத்தை மறுத்தது. இம்முரணைத் தீண்டாத எந்த இனவாத எதிர்ப்பும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

பேசியவரின் நிலையை அறியப் பேச்சை நிறுத்தியவரோடு ஒப்பிடுதல் பயன்தரும். 1956ஆம் ஆண்டுப் பாராளுமன்ற விவாதத்தில் ஒருமொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் என எச்சரித்தவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. அவரே 1970இல் அரசியலமைப்பு விவகார அமைச்சராகி, சிங்களத்தின் தனி நிலையை உறுதிசெய்து பௌத்தத்துக்கு முதன்மை இடமளித்த 1972ஆம் ஆண்டு யாப்பினை நிறைவேற்றினார். அடிகளார் மௌனத்திலிருந்து பேச்சுக்கு வந்தவர். டி சில்வாவோ பேச்சிலிருந்து மௌனத்துக்கும் அதற்கு அப்பாலும் சென்றவர். சிங்களப் பத்திரிகையாளரான தார்சி வித்தாச்சியை இங்கு குறிப்பிடாதுவிடுதல் தவறு. 1958 வன்செயல்களைப் பற்றித் தணிக்கைக் காலத்து நாட்டிற் கூற இயலாதவற்றை நூலாக்கி வெளியிட்டவர் அவர். பின்னர் நாட்டை விட்டும் நீங்கினார். தன் இனம் இழைத்த தவறைத் தானே உரைப்பது, தன் இனத்துக்கு இழைக்கப்பட்ட தவறை உரைப்பதினும் அரிது.

கரம்பொன்னின் மற்றொரு மைந்தர் வி. நவரத்தினம். தமிழரசுக் கட்சியின் தொடக்கம் முதல் அதன் ஆலோசனைகளில் முன்நின்று, 1963 முதல் 1970 வரை ஊர்காவற்றுறையின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்து, இடையிலே கட்சியோடு முரண்பட்டுப் பிரிந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய அரசியல் நினைவுநூல் பல ஆண்டுகள் உள்ளே அடங்கிக்கிடந்த பேச்சு வெடித்து வெளிவந்ததைப் போன்றது. அதன் நடை வழக்குரைஞரின் நடை, எதிர்த்தரப்புக்கு இடமளிப்பதில்லை. அடிகளாரின் நடையோ ஆசிரியரின் நடை. கேட்பவர் திருந்தக்கூடியவர் என்ற நம்பிக்கையில் இயங்குவது. ஓர் ஊரிற் பிறந்த இருவரும் ஓர் அநீதியை நோக்கிப் பேசிய இரு தொனிகள் இவை. முன்னையதிற் சினத்தின் உண்மை உண்டு. பின்னையது நீண்டகாலம் வாசிக்கப்படும்.

1961இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறைக்குத் தலைவராகச் சென்றார். அதன் பின்னர் அவரது பேனா மீண்டும் ஆராய்ச்சியின் பக்கம் திரும்பியது. இக்காலத்திலேயே கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் அவரது மேடைகளின் இலச்சினை போலாயிற்று. 'ஒன்றே உலகம்' என அவர் தம் நூலொன்றுக்குப் பெயரிட்டமையும் அவ்வுணர்வினாலேயே. ஆயின் அனைத்துலக மானிடம் என்பது இருமுனைக் கருவி. எல்லோரும் உறவினர் என்று கூறுபவன், உறவினன் அடிக்கப்படும்பொழுது குறுக்கிடக் கடமைப்பட்டவன். அதே வாசகத்தைக் கூறிக்கொண்டு குறிப்பிட்ட எந்த அநீதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் தப்பவும் முடியும். மேடைதோறும் அப்பாடலை முழங்குவோர் பலர் இரண்டாவது வகையினர். 1955–56 ஆண்டுகளின் எழுத்து இல்லாதிருப்பின் அடிகளாரையும் அவர்களோடு சேர்க்க நேர்ந்திருக்கும்.

அவர் தோற்றுவித்த மன்றத்தின் நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. 10ஆம் நாள் இரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன் கூடியிருந்த மக்கள்மீது பொலிசார் நடத்திய தாக்குதலின்போது உயிர்கள் பலியாயின. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிறெற்சர் தலைமையிலான உத்தியோகப்பற்றற்ற விசாரணைக்குழு பொலிசார்மீதே குற்றங்கண்டது. அரசியல் வேண்டாம், ஆராய்ச்சி போதும் என ஒதுங்கியிருப்பினும் ஆராய்ச்சியின் வாசலுக்கே அரசியல் வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1980இல் யாழ்ப்பாணத்தில் அடிகளார் செல்வநாயகம் நினைவுப் பேருரையை ஆற்றினார். 1977 வன்செயல்கள் முடிந்து மூன்றாண்டுகள். யாழ்ப்பாண நூலகம் எரிவதற்கு ஓராண்டு. அரசியற் தலைவர் ஒருவரின் நினைவாக அவர் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாராய்ச்சியின் கடந்தகாலமும் வருங்காலமும். இதனை மௌனம் என்பதா? அவ்வாறு தீர்ப்பிடுதல் எளிது, ஆனால் பொருந்தாது. ஒரு மக்களின் மொழிக்கு வரலாறு உண்டு என உலகப் பல்கலைக்கழகங்களை ஏற்கச் செய்தமையே, அம்மொழி நீக்கத்தக்கது என்ற வாதத்துக்கு அவர் கண்ட நிலைத்த விடை. எனினும் 1956இல் உரிமை என்ற சொல்லை எழுதிய கை, 1980இல் அச்சபையின் முன் அதனை மீண்டும் எடுத்திருக்கலாம் என்ற குறை எஞ்சுகின்றது. அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் காணாத ஆண்டுகளிலேதான் அவரது எழுத்து உண்மையான சோதனைக்குள்ளாயிற்று. 1981இல் நூலகம் எரிந்தபொழுது அதனைக் கண்டித்து எழுந்த கவிதைகளுள் 'புத்தரின் படுகொலை' பலராலும் அறியப்பட்டது. அதனை எழுதிய எம். ஏ. நுஃமான் ஒரு முஸ்லிம் கவிஞர். தமிழர் துயரைத் தம் துயராகக் கொண்டு அவர் உடனே பேசினார். 1990 ஓகஸ்டில் தீவுப்பகுதியை இராணுவம் கைப்பற்ற, கரம்பொன் உட்பட ஊர்கள் வெறுமையாயின. இரு மாதங்கள் கழித்து ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர்; யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பினர் அதனைப் பதிவுசெய்தனர். சில கவிஞர்கள் எழுதினர். அச்சம் காரணமாயிருந்தது என்பது உண்மை. 1989இல் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்ட நகரம் அது. ஆயினும் 2009இல் அந்த அச்சத்துக்குரியோர் இல்லாதொழிந்த பின்னரும் பேசாதிருந்தோர் பலர். அவர்களுட் சிலர் 2013இல் அடிகளாரின் நூற்றாண்டு மேடைகளில் 'ஒன்றே உலகம்' என்ற தலைப்பினைப் புகழ்ந்துரைத்தனர்.