சாண் அகலக் கஞ்சிரா

பிடித்த கிதார் கலைஞர்களைப் பாணிவாரியாகப் பட்டியல் போடுபவர்கள் உண்டு. புதுக்கோட்டைக்காரர்கள் கஞ்சிராவுக்குப் போடலாம். அதைக் கச்சேரி மேடையேற்றியவர் என்று போற்றப்படும் மான்பூண்டியா பிள்ளை இந்த ஊர்க்காரர்.

சாண் அகலப் பலாமர வளையம், முன்பெல்லாம் உடும்புத் தோலாக இருந்த ஒரு தோல், ஒரே பிளவில் கோத்த உலோகச் சில்லுகள், அவ்வளவுதான் வாத்தியம். தோலின் உட்புறம் தண்ணீர் தடவினால் சுருதி இறங்கும். வலக்கை வாசிக்க, இடக்கை விரல்கள் விளிம்போரம் தோலை அழுத்த, ‘கும்’மென்ற நாதம் வளைந்து குழையும்.

மான்பூண்டியாவின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் புகழைப் பெரியவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். கர்னாடகக் கச்சேரிக்கு ஜி.ஹரிசங்கர். ஜாஸ் கலப்புக்கு, ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் ஜான் மெக்லாக்லின் கிதாருக்கு ஈடுகொடுத்த வி.செல்வகணேஷ். ஒருவரை மட்டும் சொல்லச் சொன்னால், என் ஓட்டு ஹரிசங்கருக்கே.