மேலே போனால் கூட்டு, கீழே போனால் கழி

நீட் பயிற்சி வகுப்புகளில் இயக்க விதிகளை நடத்தும் விதத்தைக் குறை சொன்னால் போதும், பதில் தயாராக இருக்கிறது: "கணக்குப் போடப் போட கருத்து தானாக வந்துவிடும்." பயிற்சி மையக்காரர்கள் சொன்னால் அது வியாபாரம் என்று விட்டுவிடலாம். நல்ல இயற்பியல் ஆசிரியர்களும் இப்போது இதையே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 180 கேள்விகளுக்கு 180 நிமிடம். அதில் 45 இயற்பியல். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளை கப்பியையும் சாய்தளத்தையும் பார்த்து மிரளாமல் பேனாவை எடுப்பதே பெரிய காரியம். அந்தத் தைரியத்தைப் பயிற்சி கொடுக்கிறது. சரி.

ஆனால் லிஃப்ட் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் லிஃப்டுக்குள் எடைக்கருவி மேல் நிற்கிறார். லிஃப்ட் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வேகம் கூடும்படி மேலே கிளம்புகிறது. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், கருவி தரும் விசை 720 நியூட்டன். இதற்கு வகுப்பில் கிடைக்கும் ஷார்ட்கட்: மேலே போனால் ஜி-யோடு ஏ-வைக் கூட்டு, கீழே போனால் கழி. விடை ஐந்து விநாடியில் வந்துவிடும்.

அதே லிஃப்ட் இப்போது எட்டாவது மாடியை நெருங்குகிறது. இன்னும் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் அதே அளவில் வேகம் குறைகிறது. ஷார்ட்கட்டை நம்பிய பிள்ளை மறுபடியும் 720 என்று எழுதும். சரியான விடை 480.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ஒரு பொருள் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் விசை இருக்க வேண்டும் என்பது மனிதனுக்கு இயல்பாகவே தோன்றும் எண்ணம். அரிஸ்டாட்டிலின் இயக்கக் கொள்கையே அதை ஒட்டியதுதான். கலிலியோ அதை ஆட்டம் காணவைத்தார். நியூட்டன் 1687-இல் முதல் விதியாக எழுதி அதன் கதையை முடித்தார்: வேகம் நீடிக்க விசை வேண்டாம், வேகம் மாறத்தான் வேண்டும். இந்த விதியைத் திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, வியாழக்கிழமை அதற்கு நேர் விரோதமான நம்பிக்கையைச் சூத்திரமாக்கிக் கையில் கொடுக்கிறோம். 'மேல்நோக்கி முடுக்கப்பட்டால்' என்றுதானே சொல்லிக்கொடுக்கிறோம் என்பார்கள். நோட்டில் அப்படி இருக்கலாம். பிள்ளையின் வாயில் நிற்பது 'மேலே போனா' மட்டும்தான்.

மூன்றாம் விதி படும் பாடு இன்னும் மோசம். மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடை வினை, மேசை மேலே தள்ளுவது எதிர்வினை என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியாகிவிட்டது! வினையும் எதிர்வினையும் எப்போதும் சமம் என்றால், நம் லிஃப்டில் எடை 600 ஆகவும் கருவி தள்ளுவது 720 ஆகவும் எப்படி இருக்க முடியும்? அவை ஜோடியே இல்லை. இரண்டும் ஒரே ஆள்மேல் செயல்படுபவை. 720-க்கு ஜோடி, அவர் பாதம் கருவியைக் கீழே அழுத்தும் 720. எடைக்கு ஜோடி, அவர் பூமியை மேல்நோக்கி இழுக்கும் 600. ஆளைத் தனியே வரைந்து, அவர்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போட்டிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஷார்ட்கட் முதலில் தூக்கி எறிவது அந்தப் படத்தைத்தான்.

(கப்பிக் கணக்கின் மூலக்கருவியை ஜார்ஜ் அட்வுட் 1784-இல் தன் நூலில் விவரித்தபோது, பொருள் விழுவதை மெதுவாக்கிக் கண்ணெதிரே அளந்து காட்டுவதுதான் நோக்கம். இன்று அந்தக் கப்பிக்கு நிறையும் இல்லை, உராய்வும் இல்லை, அதைப் பார்த்தவர்களும் இல்லை.)

கணக்குகளின் எண்ணிக்கை கருத்தைக் கொண்டுவந்துவிடுமா என்பதைக் கொரியாவில் கிம், பாக் என்ற இருவர் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். 27 மாணவர்கள், ஒவ்வொருவரும் 300 முதல் 2900 வரை கணக்குகள் போட்டவர்கள். போட்ட எண்ணிக்கைக்கும் அடிப்படைக் கருத்துகளின் புரிதலுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தெரியவில்லை. 27 பேர் குறைவுதான். ஆனால் ஷார்ட்கட்டுக்காக வாதாடுகிறவர்கள் எந்த 27 பேரைச் சோதித்துவிட்டுப் பேசுகிறார்கள்? அவர்கள் நீட்டுவது ரேங்க் பட்டியலை. விடை வந்ததா என்பதை அது சொல்லும். விசை எந்தப் பக்கம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்பதைச் சொல்லாது.

வேகம் குறையும் லிஃப்ட் தேர்வில் வந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மேலே போய் நின்றால் கழி, கீழே போய் நின்றால் கூட்டு என்று இன்னும் இரண்டு வரி. மாறாத வேகத்தில் போனால் ஒன்றும் செய்யாதே, கயிறு அறுந்தால் பூஜ்யம் என்று மேலும் இரண்டு. ஆக, ஆறு வரி மனப்பாடம். கருவி மேலே தள்ளும் விசையிலிருந்து எடையைக் கழித்தால் கிடைப்பது நிறை பெருக்கல் முடுக்கம் என்ற ஒரே வரிக்குள் இந்த ஆறும் அடக்கம். அதை எழுத மூன்று விநாடிகூட ஆகாது.