சிகரம் ஏறியோரும் சுமை சுமந்தோரும்

இமயமலைப் பயணங்களைப் பற்றி மேனாட்டார் எழுதிய நூல்களைத் தொடர்ந்து படிப்போர், அவற்றிலே ஓர் இலக்கண விசித்திரத்தைக் காணத் தவறார். சுமைகள் முகாமுக்குக் கொண்டு செல்லப்படும், கூடாரங்கள் அமைக்கப்படும், தேநீர் தயாரிக்கப்படும். சிகரத்தில் அடியெடுத்து வைக்கும்போது மட்டும் 'நான்' என்ற எழுவாய் நிமிர்ந்து நிற்கும். சுமந்தவரும் தேநீர் காய்ச்சியவரும் செயப்பாட்டு வினைக்குள் மறைந்து விடுகின்றனர். இது வெறும் மொழிநடைப் பிரச்சினையன்று. ஒரு சமுதாய உறவின் பிரதிபலிப்பாகும்.

இன்று நேபாளத்துக்குச் செல்லும் இளம் பயணிகளிற் பலர் மலையேற்றத்தோடு திருப்தியடைவதில்லை. சில நாட்கள் மலைப்பாதையில் நடப்பதும், சில வாரங்கள் ஒரு கிராமப் பாடசாலையிலோ சிறுவர் இல்லத்திலோ தொண்டு புரிவதும் ஒரே பயணத்தின் இரு பகுதிகளாகிவிட்டன. இதனை ஏற்பாடு செய்யும் நிறுவனங்களும் உண்டு. அவற்றுக்குக் கட்டணமும் உண்டு. வீரமும் ஈகையும் ஒரே பொதியிற் கட்டி விற்கப்படும் இவ்வேளையில், அவற்றைப் பற்றிய மூன்று நூல்களை நிறுத்துப் பார்ப்பது பயனுடையது.

முதலாவது, டென்சிங் நோர்கேயின் வாழ்க்கை வரலாறு. 1953ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி ஹில்லறியுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்ற அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்ல, அமெரிக்க எழுத்தாளர் உல்மன் எழுதிய அந்நூல் 1955இல் வெளிவந்தது. இன்னொருவரின் பேனாவில் உருவான நூலாயினும், சுமந்தவரின் பார்வை அதிலே அழியாது நிற்கின்றது. பயணத்தின் தொடக்கத்தில் காத்மண்டுவில் நிகழ்ந்த ஒன்றை டென்சிங் மறைக்காமற் கூறுகின்றார். வெள்ளையர்கள் பிரித்தானிய ஸ்தானிகராலயத்திலே தங்க, ஷெர்ப்பாக்களுக்கு ஒதுக்கப்பட்டது, முன்னர் குதிரை லாயமாக இருந்த ஒரு மோட்டார்க் கொட்டகை. மலசலகூடமும் அங்கில்லை. மறுநாட் காலை ஷெர்ப்பாக்கள் அதன் முன்னே வீதியில் நின்று சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். வெற்றி வரலாறுகள் விரும்பி நினைவுகூராத செய்தி இது. ஆயினும் அப்பயணத்தின் மனித உறவுகளை அறிய விரும்புவோர்க்கு உச்சியில் எடுத்த புகைப்படத்திலும் பார்க்க இச்சிறு சம்பவம் பெரிது.

இரண்டாவது, ஹில்லறி 1964இல் வெளியிட்ட, 'மேகங்களிடையே ஒரு பாடசாலை' எனத்தக்க பெயருடைய நூல். ஷெர்ப்பாக்களுக்கு என்ன வேண்டும் என்று ஹில்லறி கேட்டார்; தங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று அவர்கள் கூறினர். 1961இல் கும்ஜுங் கிராமத்திலே முதற் பாடசாலை எழுந்தது. பின்னர் பங்போச்சே, தாமே முதலிய ஊர்களிலும் பாடசாலைகள் தோன்றின. நூலின் கணிசமான பகுதி சிகரமேறும் முயற்சிகளுக்கே செலவாகின்றது என்பது குறையே. எனினும் இங்கே தொண்டின் முதல் வாக்கியத்துக்கு எழுவாய் ஊர்மக்கள். கும்ஜுங் பாடசாலையின் முதல் மாணவர்களுள் ஒருவரான மிங்மா நோர்பு ஷெர்ப்பா, பிற்காலத்தில் சாகர்மாதா தேசியப் பூங்காவின் பொறுப்பாளராகப் பதவியேற்ற முதல் ஷெர்ப்பாவானார். கட்டியவர்கள் விடைபெற்ற பின்னரும் பாடசாலை நிலைத்து நின்றதன் பயன் இது.

ஆனால் தனிமனிதரின் நல்லெண்ணம் பொருளாதார விதிகளை மாற்றிவிடுவதில்லை. அதே 1964இல், பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வேண்டிய பொருட்களைக் கொண்டுவரும் நோக்குடன் லுக்லாவில் விமானத்தளம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஓய்வுபெற்ற பிரித்தானிய இராணுவ அதிகாரியான ஜிம்மி றொபேட்ஸ், நேபாளத்தின் முதல் மலைநடைப் பயண நிறுவனத்தைத் தொடங்கினார். தொண்டுக்குத் திறந்த வாயில் வணிகத்துக்கும் வாயிலாயிற்று. அதனாற் பிழைப்புப் பெற்றோர் பலர் என்பதை மறுத்தலாகாது. ஆயினும் முதுகிலே டோகோக் கூடையும் நெற்றியிலே நாம்லோப் பட்டையுமாக மலைப்பாதையில் ஏறும் கூலியாளின் உயிருக்கு இத்தொழில் என்ன விலை வைத்தது? 2014 ஏப்ரில் 18ஆம் திகதி கும்பு பனிவீழ்ச்சியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் பனிச்சரிவிற் சிக்கி மாண்டனர். அரசாங்கம் முதலில் அறிவித்த உதவி, குடும்பமொன்றுக்கு 40,000 நேபாள ரூபா. ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தனர், அப்பருவத்தில் மலையேற மறுத்தனர். செயப்பாட்டு வினைக்குள் மறைந்து கிடந்தவர்கள் தாமே எழுவாயாகி எழுந்த நாள் அது.

மூன்றாவது, கொனர் கிறெனன் என்னும் அமெரிக்கர் எழுதிய 'குட்டி இளவரசர்கள்' எனப் பொருள்படும் நூல். 2004இல் உலகம் சுற்றப் புறப்பட்ட அவர், காத்மண்டுவுக்கு அண்மையிலுள்ள சிறுவர் இல்லமொன்றிற் சில காலம் தொண்டு செய்கின்றார். தன் உல்லாசப் பயணம் பிறர் கண்ணுக்கு நன்றாகத் தோன்றவேண்டும் என்பதும் தன் நோக்கங்களுள் ஒன்று என ஒப்புக்கொள்கின்றார். அந்த நேர்மையே நூலின் பலம். அநாதைகள் என்று தான் நம்பிய சிறுவர்களுக்குப் பெற்றோர் இருப்பதை அவர் அறிகின்றார். உள்நாட்டுப் போருக்கு அஞ்சிய ஹும்லாவின் பெற்றோர், பிள்ளைகளைப் பாதுகாத்துப் படிப்பிப்பதாகச் சொன்ன தரகனை நம்பிப் பணமும் கொடுத்துப் பிள்ளைகளையும் கொடுத்திருந்தனர். அப்பெற்றோரைத் தேடி அவர் ஹும்லாவின் மலைகளில் நடந்த நடையே, நாம் படித்த இமய நடைகளுள் நோக்கத்தால் உயர்ந்தது.

எனினும் அங்கும் கதைத்தலைவர் பயணியே. அவரது மனமாற்றமும் காதலும் விரிவாக வருகின்றன. பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த தாயின் மனம் ஓரிரு காட்சிகளில் முடிந்துவிடுகின்றது. இன்னொரு கேள்வியும் எழுகின்றது. நேபாளத்தின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பெரும்பான்மையோர்க்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கின்றனர். அவ்வில்லங்களோ சுற்றுலாப் பயணிகள் கூடும் மாவட்டங்களிலேதான் மிகுதியாக உள்ளன. தொண்டு செய்யப் பணத்துடன் வருவோர் பெருக, அவர்களுக்குக் காட்ட அநாதைகளும் தேவைப்படுகின்றனர். இரக்கமே சந்தையாகும் கொடுமை இது.

ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இதை எளிதில் உணரலாம். ஒரு வகுப்புக்குத் தவணைக்கு இருவர் மாறிவந்தாலே பிள்ளைகள் தடுமாறுவதைக் காண்கின்றோம். இரு வாரங்களுக்கொரு புதுமுகம் வந்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, படம் பிடித்து, கண்ணீருடன் விடைபெறுமாயின் அப்பிள்ளை கற்பது யாது? பிரிவை மட்டுமே அது கற்கும்.

இளைஞரின் உற்சாகத்தை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. மலையை நேசிப்பதும் பிறர் துயர் கண்டு உருகுவதும் இளமையின் நற்குணங்கள். ஆனால் அவ்வூரார் கேட்டார்களா, அவ்வூரில் அவ்வேலையைச் செய்ய ஆளில்லையா, நாம் போன பின் அது யார் கையில் நிற்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாது புறப்படும் தொண்டு, தொண்டாகாது. நம் மாணவர் இத்தகைய நூல்களைப் படிக்கட்டும். படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று தேடிப் பார்க்க அவர்களைப் பழக்குவோம். இலக்கண பாடத்தில் நாம் நாள்தோறும் கேட்கும் கேள்விதான் அது.