கடற்கரை நகரும் கதவடைத்த அறையும்

கடலோர மக்களின் வாழ்வைச் சொல்லும் மூன்று புதினங்களை அண்மையில் மீண்டும் படித்தோம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) ஆகியவையே அவை. முதலாவது மணப்பாட்டையும், இரண்டாவது ஆமந்துறை என்று ஆசிரியர் பெயரிட்ட கடற்கரைச் சிற்றூரையும், மூன்றாவது தூத்துக்குடியையும் களமாகக் கொண்டவை. மூன்றிலும் வருவோர் பெரும்பாலும் நம் கத்தோலிக்கப் பரதவ மக்கள். இவற்றின் சிறப்பைப் பலரும் எழுதிவிட்டனர். ‘கொற்கை’ 2013 இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. எனவே புகழுரைகளை மீண்டும் அடுக்குவது நம் நோக்கமன்று. ஒரு புதிய கேள்வியோடு இவற்றை அணுகினோம். தூத்துக்குடி போன்றதொரு சிறிய கடலோர நகரில் குடியிருந்துகொண்டு, சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்த நாட்டிலோ உள்ள நிறுவனத்துக்குக் கணினி வழியாக உழைக்கும் ஒரு தலைமுறை நம்மிடையே தோன்றியுள்ளது. அவர்களுக்கு இவ்விலக்கியம் என்ன சொல்கிறது? அவர்களைப் பற்றி இனி எழுதப்படும் இலக்கியம் எதை மறந்துவிடலாகாது?

இத்தலைமுறை தோன்றிய கதை யாவரும் அறிந்ததே. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது பெருநகரங்களிலிருந்து மடிக்கணினியோடு ஊர் திரும்பியோர் பலர். தொற்றுக்காலம் முடிந்ததும் அவர்களுள் ஒரு பகுதியினர் இங்கேயே தங்கிவிட்டனர். வாடகை குறைவு, பெற்றோர் அருகில், மாலையில் கடற்காற்று. படித்து முடித்தால் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும் என்றிருந்த விதி ஒரு சிலருக்கேனும் தளர்ந்தது. இதனை நாம் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் கடற்புறங்களின் துயரங்களுள் பிரிவுத் துயரம் முதன்மையானது.

‘கடல்புரத்தில்’ புதினத்தின் அச்சே அந்தத் துயரம்தான் எனலாம். ஆசிரியப் பணி பார்க்கும் மகன் செபஸ்தி, வள்ளத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி தந்தை குரூஸ் மிக்கேலை வற்புறுத்துகிறான். தந்தைக்கு வள்ளம் பிழைப்புக் கருவி மட்டுமன்று. ஊரில் தமக்குள்ள இடமும் அதுவே. மகனைத் தீயவன் என்று ஆசிரியர் எங்கும் தீர்ப்பிடவில்லை. மாதச் சம்பளத்தின் உறுதியை அறிந்தவனுக்குக் கடலை நம்பும் வாழ்வு பேதைமையாகத் தோன்றுகிறது. லாஞ்சிக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் பகை முற்றிவரும் காலத்தில் அவன் கணக்கு பிழையென்றும் சொல்ல இயலவில்லை. ஆயினும் அந்தக் கணக்கில் தந்தைக்கு இடமில்லை. இந்த இரு நியாயங்களின் மோதலை மிகையின்றிச் சொன்னதே அப்புதினத்தின் வலிமை. கடுமையான உழைப்பையும் கடனையும் விட்டு உறவுகளின் கனிவிலேயே ஆசிரியரின் மனம் அதிகம் தோய்கிறது என்பது நம் சிறு குறை.

இன்று மாடியறையில் அமர்ந்து வேலை பார்க்கும் மகன், செபஸ்தி கேட்டதைக் கேட்கத் தேவையில்லாதவன். வீட்டை விற்க வேண்டாம். தாயைத் தனியே விடவும் வேண்டாம். மேலோட்டமாகப் பார்த்தால் பழைய புதினத்தின் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. ஆனால் உண்மையிலேயே அவிழ்ந்ததா? உடல் ஊரில் இருப்பதாலேயே ஒருவர் ஊரில் வாழ்கிறார் என்று சொல்லிவிட முடியுமா?

‘ஆழி சூழ் உலகு’ இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. அதில் மரம் உடைந்து கடலில் தத்தளிப்போரின் கதை புதினம் முழுவதும் ஊடிழையாக வருகிறது. இளையவன் கரை சேரவேண்டும் என்று மூத்தோர் தம் உயிரையே விட்டுக்கொடுக்கின்றனர். ஒரே காற்று, ஒரே அலை, ஒரே ஆபத்து. அதனாலேயே அங்கே உறவு பேச்சளவில் நிற்பதில்லை. அப்புதினம் காட்டும் ஊர் புனிதமானதன்று. பகையும் சூதும் காமமும் அங்கே நிறைய உண்டு. சில இடங்களில் அவற்றின் அடுக்கு வாசகரைத் திணறவும் வைக்கிறது. ஆனால் எவருடைய நாளும் பிறருடைய நாளிலிருந்து அறுந்து கிடப்பதில்லை.

இதன் எதிரில் இன்றைய காட்சியை வைத்துப் பார்ப்போம். நியூயார்க்கில் மாலை 5 மணி ஆகும்போது, குளிர்காலத்தில், நமக்கு மறுநாள் விடியற்காலை 3.30. அமெரிக்க நிறுவனத்துக்கு உழைப்பவர் விளக்கை அணைத்துப் படுக்கப் போகும் வேளையில், அடுத்த தெருவில் கடலுக்குப் போவோர் விளக்கேற்றி எழுகின்றனர். இருவரும் உழைப்பாளிகள், இருவரும் உறக்கம் இழந்தவர்கள். ஆனால் ஒருவர் எழும் நேரம் மற்றவர் விழும் நேரம். ஓராண்டு முழுவதும் அருகருகே வாழ்ந்தும் முகம் பாராமலேயே இருந்துவிடலாம்.

நாள் மட்டுமன்று, ஆண்டுக்கணக்கும் வேறு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லத் தடை. மீன்வளம் பெருக அத்தடை வேண்டியதே. எனினும் அந்த நாள்களில் படகுத் தொழிலாளர் வீட்டில் அடுப்பின் வெப்பம் தணிகிறது. பனிக்கட்டி உடைப்போர், கூடை சுமப்போர், வலை பின்னுவோர், மீன் விற்கும் பெண்கள் என ஒரு சங்கிலியே தளர்கிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்க்கும் இதே நிலை. தொலைவிலிருந்து வரும் சம்பளமோ இந்த இரண்டு பருவங்களையும் அறியாது. மாதக் கடைசியில் தவறாமல் வந்து சேரும். அது குற்றமன்று. ஆனால் தம் சம்பளம் அறியாத பருவத்தைத் தாமும் அறியாதிருப்பவர், அந்த நகரில் தங்கியிருக்கிறார் என்றுதான் சொல்லலாம். வாழ்கிறார் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இந்த வாழ்வைப் போற்றி இதழ்களில் வரும் கட்டுரைகளைப் பற்றி நம் மனக்குறை இதுதான். அவற்றில் கடல் உண்டு. கடலுக்குப் போகிறவர் இல்லை. சாளரம் உண்டு, தெரு இல்லை. மலிவான வாடகை உண்டு. அந்த வாடகை ஏறினால் யார் இடம்பெயர்வார் என்ற எண்ணம் இல்லை. புதிதாகப் பிடித்த மீனின் சுவை விரிவாக வருகிறது. ஏலத்தில் அதன் விலை எப்படி நின்றது என்பது வருவதில்லை. ஊரை ஒரு திரைச்சீலையாக்கி அதன் முன் தம்மை நிறுத்திக்கொள்ளும் எழுத்து இது. நகரத்தின் அவசரத்தைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே, நகரத்தின் கண்ணால்தான் அது கடற்கரையைப் பார்க்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தொலைவே குற்றமா? அன்று. ஜோ டி குருஸ் கப்பல் துறையில் பணியாற்றிக்கொண்டு, பெரும்பாலும் சென்னையில் வாழ்ந்தபடியே தம் கடற்கரையை எழுதினார். வண்ணநிலவனோ கடற்கரையில் பிறந்தவரே அல்லர். தொலைவிலிருந்தும் ஊருக்குள் வாழ முடியும் என்பதற்கு அவர்களே சான்று. ‘கொற்கை’ இன்னொன்றையும் நினைவூட்டுகிறது: தூத்துக்குடி என்றுமே தொலைவை நம்பிப் பிழைத்த ஊர். முத்தும் பருத்தியும் உப்பும் வெளியூரின் விலைக்கே விற்றன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தோணிகளின் வரவுசெலவு இங்குள்ள பல வீடுகளின் வரவுசெலவாயிற்று. அளவுக்கு மீறிய பாத்திரங்களாலும் தகவல்களாலும் அப்புதினம் இடையிடையே தள்ளாடினாலும், ஒரு துறைமுக நகரத்தின் இந்த இயல்பை அதைப் போல் விரித்துச் சொன்ன நூல் நம்மிடம் அரிது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு தோணி புறப்பட்டால் தண்டல் முதல் சுமைதூக்குவோர் வரை, பாய் தைப்பவர் முதல் தச்சர் வரை பலர் கையில் காசு புரண்டது. மடிக்கணினி புறப்படுவதுமில்லை, வந்து சேர்வதுமில்லை. அதன் ஊதியம் ஒரே வீட்டுக்குள் இறங்குகிறது. ஆகவே தோணியின் வேலை தானாகவே ஊரோடு கட்டியிருந்தது. இவ்வேலையை ஊரோடு கட்டுவதற்கு மனிதர் மனம் வைத்தாக வேண்டும். இதுவே புதிய நிலையின் உண்மையான சிக்கல் என்பது நம் கணிப்பு.

மனம் வைத்த ஒருவரை நம் வரலாறே காட்டுகிறது. 16 ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த அண்ட்ரீக் அடிகளார் கோவாவிலும் உரோமையிலும் இருந்த தலைவர்களுக்குக் கட்டுப்பட்டவர். அவர்களுக்கு மடல் எழுதிக் கணக்குச் சொல்ல வேண்டியவர். அவரது பணியும் ஒருவகையில் தொலைவிலிருந்து ஏவப்பட்டதே. ஆனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இங்கு வாழ்ந்த அவர், இக்கரை மக்களின் பேச்சைக் கேட்டுக் கற்று இலக்கணம் எழுதினார். அவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்திலும், ‘அடியார் வரலாறு’ 1586 இல் புன்னைக்காயலிலும் அச்சாயின. ஏவியது தொலைவு, விளைந்தது இந்த மண்ணில். தலைவர் எங்கிருந்தால் என்ன, காது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாம் அறிந்த ஓர் இளைஞரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். மூன்று ஆண்டுகளாகத் தூத்துக்குடியில் தாயோடு இருந்து, இரவெல்லாம் மாடியறையில் வேலை பார்த்தவர். பகலில் அவர் உறங்குவதற்காகத் தாய் அறைக்கதவைச் சாத்தியே வைத்திருப்பார். பக்கத்து வீட்டார் வந்தாலும் தாழ்ந்த குரலில்தான் பேச்சு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவாயிற்று. தூத்துக்குடியின் தெருக்கள் பல நீரில் மூழ்கின. மின்சாரம் போயிற்று, இணையம் போயிற்று. மீனவர் தம் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டனர். அந்த இளைஞரின் தாயைக் கையில் ஏந்திப் படகில் அமர்த்தியவர் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். அவர் பெயரை இளைஞர் அன்றுதான் கேட்டறிந்தார். “மூன்று ஆண்டுகளாக எனக்கு இந்த ஊரில் கடலைத் தெரியும், அந்த அண்ணனைத் தெரியாது” என்று பின்னர் நம்மிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் கவிழ்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகான நீதிக்கதை ஆகியிருக்கும். வாழ்க்கை அப்படி முடிவதில்லை. தொற்றுக்காலத்துக்குப் பின் பல நிறுவனங்கள் பணியாளரை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்ததுபோல், அவருடைய நிறுவனமும் அழைத்தது. தெருப்பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலைகளில் கணினி கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருந்த வேளையில் அந்த மடல் வந்தது. அவர் இப்போது பெங்களூரில் இருக்கிறார்; தாய் இங்கே தனியாக இருக்கிறார். தொலைவிலிருந்து வரும் கூலியோடு தொலைவிலிருந்து வரும் ஆணையும் சேர்ந்தே வருகிறது. செபஸ்தி கேட்ட கேள்வியை இன்று மகன் கேட்பதில்லை. எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் ஒரு மடலில் கேட்டுவிடுகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தாயின் கதவை இப்போது நாள்தோறும் தட்டிப் பார்ப்பவர் அந்த அண்ணனும் அவர் மனைவியும்தான்.

இனி இவ்வாழ்வைப் புதினமாக எழுத வருபவரிடம் நாம் எதிர்பார்ப்பது இதுவே. கடலின் நிறத்தைச் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தடைக்காலத்தில் பக்கத்து வீட்டு அடுப்பையும் சொல்லுங்கள். ஊரில் இருப்பவரை வீரராகவும் போனவரைத் துரோகியாகவும் ஆக்காதீர்கள். வண்ணநிலவன் செபஸ்திக்குக் காட்டிய நேர்மையை அவர்களுக்கும் காட்டுங்கள். கதவைச் சாத்தியவனின் களைப்பையும் எழுதுங்கள். அந்தக் கதவு எதனால் திறந்தது என்பதையும் எழுதுங்கள்.

நம் கடற்கரைகளில் ‘பங்கு’ என்ற சொல்லுக்கு இரு பொருள் வழங்குகிறது. ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் இறைமக்கள் கூட்டம் பங்கு; கரை சேர்ந்த மீன்பாட்டில் அவரவர்க்கு உரிய கூறும் பங்கு. அந்தப் பாட்டில் கோயிலுக்கும் ஒரு கூறு என்ற வழக்கம் இருந்ததையும், அதனாலேயே பூசல்கள் எழுந்ததையும் நாம் அறிவோம். பூசல்களைக் கடந்தும் அச்சொல் நிலைத்ததற்குக் காரணம் உண்டு: பகிர்ந்துகொள்ளாதவருக்கு அங்கே இடமில்லை என்பதை அது அறிந்திருந்தது. தொலைவிலிருந்து வரும் வேலையைச் செய்துகொண்டு இக்கரையில் குடியிருப்போர் தம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி, இங்கே எனக்குக் கிடைப்பது என்ன என்பதன்று. இந்தக் கரையில் என் பங்கு எது என்பதே. அதற்கு விடை தேடும் ஒரு புதினம் வருமானால், மேலே சொன்ன மூன்றின் அருகில் நான்காவதாக அதனை மகிழ்வோடு வைப்போம்.