ஓடுகின்ற வெண்கலம்

தன்னைத் தானே சிலையாக வடிப்பது தற்பெருமை ஆகாதோ? பாஸ்டன் மாரத்தான் தொடங்கும் அமெரிக்க ஊரான ஹாப்கிண்டனில் 2021-இல் திறக்கப்பட்ட ‘ஓடிய பெண்’ என்னும் வெண்கலச் சிலையைக் குறித்து இவ்வினா எழுதல் இயல்பே. வடித்தவர் பாபி கிப், வடிக்கப்பட்டவரும் அவரே.

1966-இல் அவர் அப்போட்டிக்கு விண்ணப்பித்தார். அத்துணைத் தொலைவு ஓடப் பெண்ணுடலுக்கு ஆற்றலில்லை என்று மறுப்பு வந்தது. தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து, ஆடவர் நடுவே புகுந்து ஓடி, 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை 3 மணி 21 நிமிடங்களில் முடித்தார். போட்டியாளர் எண் அவருக்கு இல்லை. பெண்களுக்கு முறையான அனுமதி 1972-இல்தான் கிடைத்தது. அவரது வெற்றியை அமைப்பாளர்கள் ஏற்க 1996 ஆயிற்று. ஏட்டில் இடம் மறுக்கப்பட்டவர் வெண்கலத்தில் சாட்சியம் எழுதினார். இது தற்பெருமையன்று என்பதே நம் துணிபு.

சிலை நிற்கும் இடமும் பொருள் பொதிந்தது. வெற்றிக் கோட்டில் அன்று. அவர் ஒளிந்திருந்த ஊரிலேயே யாவரும் காண நிற்கிறது.

இதனருகே நம் சிற்ப மரபை வைத்துப் பார்ப்போம். வெறுங்கல்லறை கண்ட மகதலா மரியா சீடர்களிடம் ஓடினார் என்கிறது யோவான் நற்செய்தி. நம் சிற்பிகளோ அவரைப் பெரும்பாலும் கண்ணீரோடு மண்டியிடவே வைத்தனர். குன்றத்தூர்ப் பகுதியிலிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கு விடியலிலேயே விரையும் பெண்கள் தம் சாயலை எந்தச் சிற்பத்தில் காண்பர்? மண்டியிட்ட மரியாவை நாம் அகற்ற வேண்டியதில்லை; ஓடுகின்ற மரியாவையும் நம் சிற்பி ஒருவர் வடிக்கட்டும்.